லெப்டொப்புக்குப் புதுப் பெட்டரி போட்ட பிறகு சார்ஜ் ஏறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய லெப்டொப்புக்குப் பெட்டரி மாற்றுவது என்றால் அநேகமாக ஒரே கதைதான். பெட்டரி கொழும்பிலிருந்து கூரியரில் வரும். போடுவது நாங்களே, அல்லது ஊர்க்கடைத் தம்பி. போட்டதும் சார்ஜ் ஏறாவிட்டால் "பெட்டரி பழுது" என்று பொதி கட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறோம். ஒரு கிழமை கழித்து வேறொன்று வரும், அதுவும் அதே மாதிரி நிற்கும். புதுப் பெட்டரி பழுதாக வருவது உண்டுதான். ஆனால் திருப்பி அனுப்பும் முன் பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன. வீட்டிலேயே பார்க்கலாம், பெரும்பாலானவற்றுக்குச் செலவும் இல்லை.

"ப்ளக்ட் இன், நொட் சார்ஜிங்" (செருகியிருக்கிறது, ஆனால் ஏறவில்லை) என்று காட்டுகிறது. பெட்டரி பழுதா?

அப்படி உடனே முடிவெடுக்க வேண்டாம். அந்த வசனம் வருகிறது என்றால் சார்ஜர் செருகியிருப்பதும் தெரிகிறது, பெட்டரி உள்ளே இருப்பதும் தெரிகிறது என்று அர்த்தம். பெட்டரி அடியோடு செத்திருந்தால் பெரும்பாலும் பெட்டரியே இல்லை என்றுதான் காட்டும்.

சார்ஜ் ஏறுவதற்கு மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். ஒன்று சார்ஜர். இரண்டாவது மதர்போர்டில் இருக்கும் எம்பெடெட் கொன்ட்ரோலர் என்ற சிப். மூன்றாவது பெட்டரிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு சிப். அது செல்களின் வோல்ட், சூடு, கொள்ளளவு எல்லாவற்றையும் அளந்து இரண்டு மெல்லிய வயர்கள் வழியாகக் கொன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்து வைத்தால்தான் காசு எடுக்கலாம் என்ற சங்கக் கணக்கு மாதிரி, ஒருவர் மறுத்தாலும் வேலை நடக்காது. மறுத்தது யார் என்று விண்டோஸ் காட்டாது. அதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு இரண்டு விஷயத்தைப் பாருங்கள். எத்தனை சதவீதத்தில் நிற்கிறது? 60, 80 போன்ற இலக்கத்தில் அசையாமல் நின்றால் அது ஒரு செட்டிங். 0 இல் நின்றால் பெட்டரி இன்னும் விழிக்கவில்லை, அல்லது இணைப்பு சரியில்லை. 37, 52 என்று ஏதோ ஓர் இடத்தில் நின்றால் சார்ஜரையோ சூட்டையோ சந்தேகப்படுங்கள். அடுத்தது, லெப்டொப்பை முழுதாக ஓஃப் பண்ணி அரை மணித்தியாலம் சார்ஜரில் விடுங்கள். ஓஃபில் ஏறி, ஓனில் ஏறாவிட்டால் பெட்டரியில் குற்றமில்லை. லெப்டொப் ஓடவும் பெட்டரி ஏறவும் சேர்த்துக் கொடுக்க அந்தச் சார்ஜருக்குச் சக்தி போதவில்லை.

சரியாக 80 இல் (அல்லது 60 இல்) நின்றுவிடுகிறது. ஏன்?

யாரோ எப்போதோ அப்படி வைத்திருக்கிறார்கள். லித்தியம் பெட்டரி எப்போதும் 100 இல் நின்றால் சீக்கிரம் தேயும் என்பதால் கொம்பனிகள் இந்த வசதியைத் தருகின்றன. செக்கன்ட்ஹான்டாக வாங்கிய, முன்பு ஏதாவது அலுவலகத்தில் ஓடிய லெப்டொப்புகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். பயோசில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்னரே மதர்போர்டிலிருந்து ஓடும் மென்பொருளில், வைத்த செட்டிங் பெட்டரியை மாற்றினாலும் போகாது, விண்டோசை அழித்துப் புதிதாகப் போட்டாலும் போகாது.

லெனோவோவில் வான்டேஜ் என்ற செயலியில் "கன்சர்வேஷன் மோட்" என்று இருக்கும். பழைய ஐடியாபேட்களில் அது 60 அளவில் நிறுத்தும், புதியவற்றில் 80. திங்க்பேட்டில் தொடங்கும் அளவு, நிறுத்தும் அளவு என்று இரண்டு தனித்தனியாக உண்டு. 75 இல் தொடங்கி 80 இல் நிறுத்து என்று வைத்திருந்தால், 78 இல் இருக்கும்போது நீங்கள் சார்ஜரைச் செருகினாலும் ஏறாது. 75க்குக் கீழே இறங்கும்வரை சும்மா இருக்கும். இதைப் பழுது என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் அதிகம். அசூசில் மைஅசூஸ் செயலி, ஏசரில் கெயார் சென்டர் அல்லது ஏசர்சென்ஸ், எச்.பியில் பயோசுக்குள்ளே "பெட்டரி ஹெல்த் மனேஜர்". டெல்லில் பயோசில் "பிரைமரிலி ஏசி யூஸ்", "கஸ்டம்" என்று இருந்தால் "ஸ்டான்டர்ட்" அல்லது "அடப்டிவ்" ஆக மாற்றுங்கள்.

மாற்றியதும் 100 வரை போனால் பெட்டரி நல்லது என்று தெரிந்துவிட்டது. அதன்பிறகு, வீட்டிலேயே செருகியபடி பாவிக்கிற லெப்டொப் என்றால் திரும்ப 80 இல் வைத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

0% இலேயே நிற்கிறது, அல்லது பெட்டரியே இல்லை என்று காட்டுகிறது. என்ன செய்வது?

விமானத்தில் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பெட்டரிகளில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்ற விதி 2016 இலிருந்து இருக்கிறது. அதனால் புதுப் பெட்டரி பாதிக்கு மேல் வெறுமையாக வருவது இயல்பு. கொழும்புக் கடையின் அலுமாரியில் ஒன்றிரண்டு வருடம் கிடந்தது என்றால் இன்னும் இறங்கியிருக்கும். லேபிளில் உற்பத்தித் திகதி இருந்தால் வாங்கும்போதே பாருங்கள்.

பல பெட்டரிகள் தூங்கும் நிலையில் அனுப்பப்படுகின்றன. சார்ஜரில் இருந்து மின் வந்தால்தான் உள்ளே இருக்கும் சிப் விழிக்கும். ஆகவே பெட்டரியை மாட்டியதும் பவர் பட்டனை அமத்திப் பார்த்துவிட்டு "செத்த பெட்டரி" என்று சொல்லக்கூடாது. முதலில் சார்ஜரைச் செருகுங்கள். நன்றாக இறங்கிப்போன செல்லுக்கு முதலில் மிகச் சின்ன மின்னோட்டமே கொடுக்கப்படும். வேகமாக ஏற்றினால் செல்லுக்கு ஆபத்து என்பதால் அப்படி. அந்த நேரத்தில் திரையில் 0 அப்படியே நிற்கும். ஒரு மணித்தியாலம் ஓஃபில் விட்டுவிட்டுப் பாருங்கள்.

அப்படியும் அசையாவிட்டால் கொன்ட்ரோலரை ஒருதடவை மறக்கப் பண்ண வேண்டும். சார்ஜரைக் கழற்றுங்கள், பெட்டரியின் இணைப்பையும் கழற்றுங்கள், பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடியுங்கள். பிறகு பெட்டரியை மாட்டி, சார்ஜரைச் செருகி, ஓன் பண்ணுங்கள். சில திங்க்பேட்களில் அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை ஒன்று இருக்கும்; மூடியைத் திறக்காமல், சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஒரு கிளிப்பின் நுனியால் அதை அமத்தினாலே போதும்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். வீடியோ பார்த்துவிட்டு, செத்த பெட்டரியின் முனைகளில் வெளியிலிருந்து நேரே வயர் பிடித்து "உயிர் கொடுக்கும்" வேலை. அளவுக்கு மீறி இறங்கிய செல்லை அந்தச் சிப் பூட்டிவைப்பது காரணத்தோடுதான். அதைத் தாண்டிப்போய் ஏற்றினால் தீப்பிடிக்கலாம்.

இணைப்பு சரியா என்று எப்படிப் பார்ப்பது? மூடியைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

பயப்படுவது நல்லதுதான், அவசரப்பட மாட்டீர்கள். திறக்கும் முன் பயோசில் "டிசேபிள் பில்ட்-இன் பெட்டரி" என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். லெனோவோவின் பல மொடல்களில் உண்டு. பிறகு சார்ஜரைச் செருகியதும் அது தானாகவே பழைய நிலைக்கு வரும். ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது ஒரு தாளில் லெப்டொப்பின் வடிவத்தைக் கீறி, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அங்கேயே வையுங்கள். நீட்டு ஸ்க்ரூவைக் கட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முறுக்கினால் அது மதர்போர்டில் போய்க் குத்தும்.

இப்போது பெட்டரியிலிருந்து வரும் ப்ளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். தடித்த சிவப்பு, கறுப்பு வயர்கள் மின்னைக் கொண்டுவருபவை. அவற்றுக்கு நடுவில் மெல்லிய வயர்கள் சில இருக்கும். அவைதான் சிப் கதைக்கும் வயர்கள். தடித்தவை தொட்டு, மெல்லியவற்றில் ஒன்று தொடாமல் இருந்தால் பெட்டரியில் லெப்டொப் ஓடும், ஆனால் ஏறாது. அல்லது சதவீதம் கேள்விக்குறியாக நிற்கும். ப்ளக்கைப் பாதியில் விடாமல் இரண்டு பெருவிரலாலும் சமமாக அமத்துங்கள். "டக்" என்று உட்காரும், அல்லது இரண்டு பக்கமும் சொக்கெட்டோடு ஒரே மட்டமாக நிற்கும். ஒரு பக்கம் அரை மில்லிமீற்றர் உயர்ந்து நின்றாலும் சரியில்லை. பழைய பெட்டரியின் ப்ளக்கின் மேல் கறுப்பு நாடா ஒட்டியிருந்தால் அதைத் தூக்கி எறியாமல் புதியதன் மேலும் ஒட்டுங்கள். ஆட்டத்தில் கழன்றுவிடாமல் பிடிப்பது அதுதான்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் கடலோரம். உப்புக்காற்று சைக்கிள் ரிம்மை மட்டும் அரிப்பதில்லை. மதர்போர்ட் சொக்கெட்டின் பின்கள் மினுமினுப்பு இழந்து மங்கியிருந்தாலோ, ஓரத்தில் பச்சை பூத்திருந்தாலோ, மெல்லிய பஞ்சுக்குச்சியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டு, பெட்டரி கழன்ற நிலையில், மெதுவாகத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய், சென்ட் இதெல்லாம் வேண்டாம். தூளாக உதிரும் அளவுக்கு அரித்திருந்தால் துடைத்துப் பயனில்லை, சொக்கெட்டை மாற்ற வேண்டும்.

பழைய பெட்டரி இருக்கும்போது இதே சார்ஜர்தானே வேலை செய்தது. பிறகு எப்படிச் சார்ஜரில் பிழை வரும்?

பழைய பெட்டரி செத்த பிறகு பல மாதம் நீங்கள் சார்ஜரில்தான் லெப்டொப்பை ஓட்டியிருப்பீர்கள். ஓடுவதற்கு மின் வந்தால் போதும். ஏற்றுவதற்கு அது எந்தச் சார்ஜர் என்றும் லெப்டொப்புக்குத் தெரிய வேண்டும்.

டெல் சார்ஜரின் முனையைப் பாருங்கள், நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் நிற்கும். அதில் மின் வருவதில்லை. "நான் 65 வாட் டெல் சார்ஜர்" என்ற தகவல் மட்டும் அந்த வழியாக வரும். அந்தப் பின் வளைந்தால், முறிந்தால், வயருக்குள் அந்த மெல்லிய இழை அறுந்தால், லெப்டொப் ஓடும், பெட்டரி ஏறாது, வேகமும் குறையும். ஓன் பண்ணும்போது சார்ஜரின் வகையைக் கண்டறிய முடியவில்லை என்று ஓர் ஆங்கில அறிவித்தல் வரும். எல்லோரும் எண்டரை அமத்திவிட்டுப் போய்விடுகிறோம். உறுதிசெய்ய, ஓன் பண்ணியவுடன் எஃப்2 அமத்திப் பயோசுக்குள் போய்ப் பெட்டரி பக்கத்தைப் பாருங்கள். சார்ஜர் வகை 65 வாட் என்றோ 90 வாட் என்றோ இருக்க வேண்டும். "அன்நோன்" என்று இருந்தால் குற்றவாளி பிடிபட்டுவிட்டார். எச்.பியின் நீல முனைச் சார்ஜர், லெனோவோவின் நீள்சதுர மஞ்சள் முனைச் சார்ஜர் இரண்டிலும் இதே மாதிரி அடையாளப் பின் உண்டு.

சார்ஜரின் முதுகில் எழுதியிருப்பதையும் வாசியுங்கள். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட். 19.5 வோல்ட், 3.34 அம்பியர் என்றால் 65 வாட். 2.31 அம்பியர் என்றால் 45 வாட். 65 கேட்கிற லெப்டொப்புக்கு 45 கொடுத்தால் ஓனில் ஏறாது, அல்லது ஆமை வேகத்தில் ஏறும். வோல்ட் ஒன்றாக இருந்து வாட் கூடினால் பயமில்லை, லெப்டொப் தேவையானதை மட்டும்தான் எடுக்கும்.

மல்டிமீற்றர் வைத்திருந்தால் முனையை அளக்கலாம். 20 வோல்ட் நிலையில் வைக்க வேண்டாம். மலிவு மீற்றர்கள் அதில் 19.99க்கு மேல் காட்டாது, வெறும் 1 என்று நிற்கும், சார்ஜர் பழுது என்று நினைப்பீர்கள். டிசி 200 இல் வையுங்கள். சிவப்பு வயர் 10 அம்பியர் ஓட்டையில் இல்லாமல் வோல்ட் ஓட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். முனையின் உட்சுவரும் வெளிச்சுவரும்தான் அளக்கவேண்டிய இடங்கள், நடுப்பின் அல்ல. அதை மற்ற இரண்டோடும் முட்டவிடக் கூடாது.

சார்ஜரில் லைட்டே வராவிட்டால், சுவரில் குத்தும் 13 அம்பியர் சதுர ப்ளக்கைப் பாருங்கள். அதற்குள் ஃபியூஸ் இருக்கிறது. ஒரு சின்ன ஃபியூஸ் போனதற்குப் புதுச் சார்ஜர் வாங்கியவர்கள் உண்டு.

என் லெப்டொப் டைப்-சியில் ஏறும். போன் சார்ஜரைப் போடலாமா?

போடலாம், அநேகமாக ஏறாது. போன் சார்ஜர்கள் பலவும் 18, 25 வாட் அளவில்தான். லெப்டொப்புகளுக்கு வழக்கமாக 45 இலிருந்து 65 வேண்டும், அதுவும் 20 வோல்ட்டில். விண்டோஸ் "ஸ்லோ சார்ஜர்" என்று சொன்னால் அதன் கதை இதுதான். கேபிளையும் கவனியுங்கள். சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட்டுக்கு மேல் கொண்டுபோகாது. அதற்கு மேல் போக, உள்ளே அடையாளச் சிப் உள்ள 5 அம்பியர் கேபிள் வேண்டும். லெப்டொப்பில் டைப்-சி ஓட்டைகள் இரண்டு இருந்தால் இரண்டிலும் குத்திப் பாருங்கள். சார்ஜ் ஏறுவது சில மொடல்களில் ஒன்றில் மட்டும்தான்.

கடைக்காரர் "10.8 வோல்ட் பெட்டரிக்குப் பதில் 11.1 வோல்ட் போடலாம்" என்கிறார். நம்பலாமா?

அதை நம்பலாம். இரண்டும் மூன்று செல் தொடர்தான். ஒரு செல்லை 3.6 என்று எழுதுவதா 3.7 என்று எழுதுவதா என்பதுதான் வித்தியாசம். ஆனால் 11.1 இருந்த இடத்தில் 14.8 போட முடியாது. அது நாலு செல் தொடர். உடம்பு ஒரே மாதிரி இருந்து, ப்ளக்கும் பொருந்தினாலும் போடக்கூடாது.

11.1க்கும் 11.4க்கும் இடையில் கொஞ்சம் கவனம். 11.4 என்று எழுதியவை பெரும்பாலும் செல்லுக்கு 4.35 வோல்ட் அளவு வரை ஏறும் வகை, 11.1 உள்ளவை 4.2 வரை. எப்போதும் பழைய பெட்டரியின் லேபிளில் இருக்கும் பகுதி இலக்கத்தை (பார்ட் நம்பர்) பார்த்தே வாங்குங்கள். லெப்டொப்பின் மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பிசகும், ஒரே மொடலுக்கு இரண்டு மூன்று வகைப் பெட்டரி வந்திருக்கும். பழைய பெட்டரியின் லேபிளைப் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் நல்ல வழி.

கொள்ளளவு விஷயத்தில் பொய் அதிகம். எம்.ஏ.எச் (மில்லி அம்பியர்-மணி) இலக்கத்தைப் பார்த்து மயங்காமல், மொத்தச் சக்தியைச் சொல்லும் வாட்-மணியைப் பாருங்கள். 11.1 வோல்ட், 4400 எம்.ஏ.எச் என்றால் கிட்டத்தட்ட 48 வாட்-மணி வரவேண்டும். நாலே நாலு உருளைச் செல் உள்ள 14.8 வோல்ட் பெட்டரியில் 5200 எம்.ஏ.எச் என்று ஒட்டியிருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிட்டு வாருங்கள். லெப்டொப்பில் போடும் 18650 என்ற அளவு உருளைச் செல் ஒன்றில் நல்ல கொம்பனிகளே 3500 அளவுதான் அடைக்கின்றன.

"இந்தப் பெட்டரி ஆதரிக்கப்படவில்லை, சார்ஜ் ஏறாது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் வருகிறது.

இங்கே மறுப்பது கொன்ட்ரோலர். சில திங்க்பேட்கள், குறிப்பாக எக்ஸ்230, டி430 தலைமுறையிலிருந்து, பெட்டரியின் சிப் தன் கொம்பனி அடையாளத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் சார்ஜ் ஏற்றாது. பெட்டரியில் பிழை இல்லை, லெப்டொப்பிலும் பழுது இல்லை, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. பயோசை மாற்றி இதைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடும், பெட்டரியும் ஏறாத நிலையில் தாங்க ஒன்றுமில்லை. கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஒத்துவரும் பெட்டரியை எடுப்பதே புத்தி.

விண்டோசை அழித்துப் போட்டால் சரியாகுமா?

ஆகாது. சார்ஜ் ஏற்றுவது விண்டோஸ் அல்ல, ஓஃபில் இருக்கும்போதும் ஏறுகிறதே. கடையில் "ஃபோர்மட் அடிப்போம்" என்று தொடங்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வந்தாறுமூலையோ ஒலுவிலோ, அசைன்மென்ட் எல்லாம் அதற்குள்ளேதான் கிடக்கும்.

விண்டோஸ் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிவைஸ் மனேஜரில் பெட்டரிகள் என்ற பகுதியை விரித்தால் "மைக்ரோசொஃப்ட் ஏசிபிஐ கம்ப்ளயன்ட் கொன்ட்ரோல் மெத்தட் பெட்டரி" என்று நீளமாக ஒன்று இருக்கும். அதை அன்இன்ஸ்டோல் பண்ணி ரீஸ்டார்ட் கொடுங்கள், விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். பழைய பெட்டரியின் இலக்கங்களையே காட்டிக்கொண்டிருந்தால் இதில் சரியாகலாம்.

அப்புறம், பெட்டரி அறிக்கை எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, பவர் என்ற சொல்லையும் சி, எஃப், ஜி என்ற எழுத்துகளையும் ஆங்கிலத்தில் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு போட்டு, பெட்டரி ரிப்போர்ட் என்பதை இடைவெளியில்லாமல் அடித்து எண்டர் கொடுங்கள். ஒரு கோப்பு சேமிக்கப்படும், எங்கே என்று அதுவே சொல்லும். அதில் டிசைன் கபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கபாசிட்டி இரண்டும் புதுப் பெட்டரியில் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். சைக்கிள் கவுண்ட், அதாவது எத்தனை தடவை முழுதாக ஏறி இறங்கியது என்ற கணக்கு, 0 அல்லது சின்ன இலக்கமாக இருக்க வேண்டும். "புத்தம் புதுசு" என்று வாங்கியது 300 சைக்கிள் காட்டினால் பழைய பெட்டரிக்குப் புது ஸ்டிக்கர். ஆனால் மாற்றுப் பெட்டரிகள் சில சைக்கிளைக் கணக்கிடுவதே இல்லை, எப்போதும் 0தான் காட்டும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

100 வரை ஏறுகிறது, ஆனால் 30 இல் திடீரென்று ஓஃப் ஆகிறது.

பெட்டரியின் சிப் இன்னும் செல்லைச் சரியாக அளந்து பழகவில்லை என்றால் இப்படி வரும். 100 வரை ஏற்றி, மேலும் இரண்டு மணித்தியாலம் செருகியபடி விட்டு, பிறகு சார்ஜரைக் கழற்றித் தொடர்ந்து பாவித்து 5 சதவீதம் வரை இறக்கி, இடையில் நிறுத்தாமல் திரும்ப 100 வரை ஏற்றுங்கள். இரண்டு தடவை செய்தும் 30 இலேயே விழுந்தால் செல்களில் ஒன்று பலவீனம். அது உண்மையான பெட்டரிப் பழுது, கடைக்காரர்தான் பொறுப்பு. இந்த வேலையை மாதாமாதம் செய்யத் தேவையில்லை.

முதல் தடவை 8 மணித்தியாலம் ஏற்ற வேண்டுமாமே?

இல்லை. அது நிக்கல் பெட்டரி காலத்துப் பேச்சு.

பகலில் ஏறுவதில்லை, இரவில் ஏறுகிறது. இதென்ன மாயம்?

மாயமில்லை, வெயில். லித்தியம் செல்கள் பொதுவாக 45 பாகை செல்சியஸுக்கு மேல் ஏற்றப்படக்கூடாது. பெட்டரிக்குள் சூட்டை அளக்கும் உணரி ஒன்று இருக்கிறது, அது எல்லையைத் தொட்டதும் சிப் நிறுத்திவிடும். ஜூன், ஜூலையில் கச்சான் வீசும் நேரம், தகரக் கூரையின் கீழ், மெத்தையில் லெப்டொப்பை வைத்து ஏதாவது கனமான வேலை செய்தால் பெட்டரி அந்த அளவைச் சுலபமாகத் தொடும். மேசையில் வையுங்கள், அடிப்பக்கத்தில் காற்றுப் போக விடுங்கள், காற்றாடியில் சேர்ந்த தூசைத் துப்புரவாக்குங்கள். மலிவுப் பெட்டரிகள் சிலவற்றில் இந்த உணரியே பிழையாக அளக்கும். காலையில் தொட்டால் குளிர்ச்சி, ஆனாலும் ஏறாது. அப்படியானால் மாற்றித்தான் ஆகவேண்டும்.

கரண்ட் போய் வருவதால் பெட்டரி பழுதாகுமா?

பெட்டரியை விடச் சார்ஜருக்குத்தான் அடி. எங்கள் வீட்டு மின் 230 வோல்ட். சார்ஜர்கள் 100 இலிருந்து 240 வரை தாங்கும், ஆகவே மாலையில் லைட் மங்கும் அளவுக்கு வோல்ட் குறைந்தாலும் சார்ஜர் சமாளிக்கும். போன கரண்ட் திரும்ப வரும் அந்தக் கணத்தில் ஏறும் வோல்ட்தான் கெட்டது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அப்படியான நாளில் செய்யவேண்டியது எளிது. கரண்ட் போனதும் ப்ளக்கைக் கழற்றுங்கள், வந்து கொஞ்ச நேரம் கழித்துக் குத்துங்கள். மாரியில் இடி முழங்கினாலும் அதேதான்.

பழைய பெட்டரி ஊதியிருக்கிறது. என்ன செய்வது?

டச்பேட் அமத்த மறுப்பது, மூடி பிதுங்குவது, மேசையில் வைத்தால் லெப்டொப் ஆடுவது எல்லாம் ஊதலின் அடையாளம். அன்றோடு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துங்கள். கழற்றும்போது கூரான எதையும் கொண்டு கிண்ட வேண்டாம், காற்றை வெளியேற்ற ஊசியால் குத்தவே வேண்டாம். ப்ளக்கின் முனைகளை நாடாவால் மூடி, உலர்ந்த மணல் போட்ட தகரப் பேணியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். குப்பை வண்டியில் போட வேண்டாம்; நசுங்கினால் வண்டியிலேயே தீப்பிடிக்கும். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் எதையெல்லாம் தின்கின்றன என்று பார்த்த பிறகும் அங்கே பெட்டரியும் போகவேண்டுமா? புதியதை விற்ற கடையிடமே பழையதை எடுக்கக் கேளுங்கள், அல்லது இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுங்கள்.

புகை வந்தால் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணுங்கள், ஆட்களை வெளியே எடுங்கள். மின் நின்றபிறகு பெட்டரித் தீக்கு நிறையத் தண்ணீர் ஊற்றலாம், அது சூட்டை இறக்கும்.

எல்லாம் பார்த்தாச்சு, ஏறவில்லை. கடையில் என்ன சொல்ல வேண்டும்?

"சார்ஜ் ஏறுதில்ல தம்பி" என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்குவார், கூலியும் அதற்கேற்ப வரும். எத்தனை சதவீதத்தில் நிற்கிறது, ஓஃபில் ஏறுகிறதா, பயோசில் சார்ஜர் வகை என்ன காட்டுகிறது, வேறு சார்ஜரில் பார்த்தீர்களா என்று சொல்லுங்கள். அதே மொடல் வைத்திருக்கும் கூட்டாளியின் பெட்டரியை மாட்டிப் பார்க்க முடிந்தால் அதைப்போல் தெளிவான சோதனை இல்லை. நல்ல பெட்டரியும் ஏறாவிட்டால் பிழை மதர்போர்டின் சார்ஜிங் பகுதியில், அல்லது சார்ஜர் குத்தும் ஜாக்கில். குத்தும் இடத்தில் ஆட்டினால் லைட் விட்டுவிட்டு எரிகிறது என்றால் ஜாக்தான். அது சின்ன வேலை. சார்ஜிங் சிப் மாற்றுவது எல்லோராலும் முடியாது. நுணுக்குக்காட்டியும் சூட்டுக்காற்றுக் கருவியும் உள்ள இடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் பெட்டரியை வேறொரு நல்ல லெப்டொப்பில் போட்டும் ஏறாவிட்டால்தான் பெட்டரி பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டும். அப்போது பில் வேண்டும், வொரன்ட்டி ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும். கடைப் பில்லின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள். பில் தர மறுக்கிற கடையில் பெட்டரி வாங்காதீர்கள். வொரன்ட்டி காலத்துக்குள் இருந்தும் கடை கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.